அம்மா சாப்பிட்ட கருவாடு

போன தை மாசம் சிதம்பரத்துல இருக்கிற அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். மதியம் எல்லாருக்கும் கத்தரிக்காய் போட்ட கருவாட்டுக் குழம்பு. அக்காவுக்கு மட்டும் ரசம் சாதம், சுட்ட அப்பளம். "ஏன்க்கா?"ன்னு கேட்டேன். தொட்டில்ல கிடந்த பாப்பாவைக் கண்ணால காட்டினா.

எட்டு மாசக் குழந்தை. கன்னத்துலயும் கை கால்லயும் தோல் சொரசொரன்னு இருந்தது. சில இடத்துல நீர் கசிஞ்சு காய்ஞ்சிருந்தது. "கரப்பான்டா. நான் சாப்பிட்டா பால் வழியா அவளுக்குப் போயிடுமாம்." மூணு மாசமா முட்டை, மீன், கத்தரிக்காய் எதுவும் இல்லை. அக்கா பாதியா இளைச்சிருந்தா.

இந்தக் கதை எனக்கு நல்லாத் தெரியும். கடலூர்ல நான் வளர்ந்ததே இந்தக் கதையோடதான். முழங்கை மடிப்பு, முழங்கால் மடிப்பு எல்லாம் எனக்கு எப்பவும் புண்ணா இருக்கும். கரப்பான்னு பெரியவங்க சொல்றதைக் கேட்டு, ராத்திரி கரப்பான்பூச்சிதான் வந்து கடிக்குதுன்னு ரொம்ப நாள் நம்பிட்டு இருந்தேன். ஆயா சொன்ன காரணம் வேற: "உங்கம்மா மாசமா இருந்தப்ப கருவாட்டை விட்டாளா? அதான்."

பத்து வயசுல ஒரு ராத்திரி அரிப்பு தாங்காம அம்மாகிட்ட கத்தினேன்: "நீ ஏன்மா கருவாடு சாப்ட்ட?" அம்மா பதில் சொல்லல. விசிறியை எடுத்து விடியிற வரைக்கும் வீசிட்டு இருந்தாங்க.

அக்காவைப் பார்த்துட்டு வந்த பிறகுதான் இதைப் பத்திப் படிக்க ஆரம்பிச்சேன். எக்ஸிமா ஏன் வருதுங்கிறது ஒரு கேள்வி. வந்த பிறகு ஒரு குழந்தைக்கு லேசாவும் இன்னொரு குழந்தைக்கு மோசமாவும் ஏன் போகுதுங்கிறது வேற கேள்வி. எங்க வீட்ல ரெண்டுக்கும் ஒரே பதில்தான் இருந்தது.

முதல் விஷயம் தோல். அதை ஒரு செங்கல் சுவர்னு வெச்சுக்கலாம். அந்தச் சுவர் இறுக்கமா நிற்கிறதுக்கு ஃபிலாக்ரின்னு ஒரு புரதம் தேவை. அந்தப் புரதத்துக்கான ஜீன்ல பிழை இருந்தா எக்ஸிமா வர்ற வாய்ப்பு கூடும்னு 2006ல ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழகக் குழு கண்டுபிடிச்சது. அந்தப் பிழை இருக்கிற குழந்தைகளுக்குச் சீக்கிரமே ஆரம்பிக்கும், கடுமையா இருக்கும், வளர்ந்த பிறகும் நீடிக்கும். உள்ளங்கையில ரேகை நிறைய இருக்கிறது அதோட ஒரு அடையாளம். என் கையில அப்படித்தான் இருக்கு. "பையன் வெளிநாடு போவான்"னு சொல்லுவாங்க. அப்பா கையிலயும் அதே ரேகைதான். அப்பாவுக்கு தினம் காலையில தும்மல், தாத்தாவுக்கு இளைப்பு. ஆஸ்துமாவும் அலர்ஜித் தும்மலும் எக்ஸிமாவுக்குச் சொந்தக்காரங்க. ஜீன் டெஸ்ட் எதுவும் நான் எடுத்ததில்லை. அதனால இதுதான் காரணம்னு சொல்ல மாட்டேன். ஆனா அப்பா பக்கத்தைப் பத்தி எங்க வீட்ல ஒருத்தர்கூட கேட்டதில்லை.

ரெண்டாவது, சொறியிறது. நம்ம பாஷையில சொன்னா பாசிட்டிவ் ஃபீட்பேக். அரிச்சா சொறிவோம், சொறிஞ்சா சுவர் உடையும், உடைஞ்சா இன்னும் அரிக்கும். உடைஞ்ச இடத்துல ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ்ங்கிற பாக்டீரியா வந்து குடியேறி வீக்கத்தை ஏத்தி விடும். வியர்வை, சோப்பு, கம்பளித் துணி, தூக்கமின்மை, மன அழுத்தம் எல்லாமே இந்த லூப்புக்குள்ள நுழையிற வழிகள். 2011 டிசம்பர் 30 அன்னைக்கு தானே புயல் கடலூரை அடிச்சப்ப எனக்கு ஏழு வயசு. நாள்கணக்கா கரண்ட் இல்லை, மோட்டார் ஓடல, சரியாக் குளிக்க முடியல, தூக்கமும் இல்லை. என் கை கால் மோசமானது அந்தப் பொங்கலுக்குத்தான். அப்பவும் பழி கருவாட்டு மேலதான் விழுந்துச்சு.

மூணாவதா நான் சந்தேகப்பட்டது போர் தண்ணி. எங்க வீட்டு பக்கெட்ல வெள்ளையாப் படியும். கடின நீர் இருக்கிற இடங்கள்ல குழந்தைகளுக்கு எக்ஸிமா அதிகம்னு ஆய்வுகள் சொல்லுது. உடனே ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டே கிடைச்ச மாதிரி ஒரு சந்தோஷம்: குறைஞ்ச செலவுல ஒரு சாஃப்ட்னர்! அப்புறம்தான் இங்கிலாந்துல 336 குழந்தைகளை வெச்சு நடத்தின ஆய்வைப் படிச்சேன். முடிவு 2011ல வந்தது. வீட்டுல அயான் எக்ஸ்சேஞ்ச் சாஃப்ட்னர் மாட்டி 12 வாரம் பார்த்திருக்காங்க. வழக்கமான சிகிச்சை மட்டும் எடுத்த குழந்தைகளைவிட நோய் கூடுதலாக் குறையல. ப்ராஜெக்ட் போச்சு. ஆனா ஒண்ணு புரிஞ்சது. எனக்குப் பிடிச்ச ஒரே காரணத்தைத் தேடி நானும் ஓடியிருக்கேன், ஆயா மாதிரியே.

சரி, சாப்பாடு? சில குழந்தைகளுக்கு, முக்கியமா சின்ன வயசுலயே கடுமையா வந்தவங்களுக்கு, முட்டை, பால் மாதிரி உணவுல அலர்ஜி நிஜமாவே இருக்கும். அதை டாக்டர்தான் சோதிச்சுச் சொல்லணும். ஆனா தாய் கர்ப்பத்துல பத்தியம் இருந்தா குழந்தைக்கு எக்ஸிமா வராதுங்கிறதுக்கு ஆய்வுகள்ல ஆதாரம் கிடைக்கல. காரணம் தெரியாம வரிசையா எல்லாத்தையும் நிறுத்தினா தாய்க்கும் குழந்தைக்கும் சத்துக் குறையிறதுதான் மிச்சம்.

அடுத்த வாரம் அக்காவையும் பாப்பாவையும் அண்ணாமலை நகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூட்டிட்டுப் போனேன், முன்னாடி ராஜா முத்தையான்னு சொல்வோமே, அதேதான். ஸ்கோராட்னு ஒரு கணக்கைப் பத்தி அங்கதான் கேள்விப்பட்டேன். 1993ல ஐரோப்பிய மருத்துவர்கள் உருவாக்கினது. உடம்புல எத்தனை சதவீதம் பரவியிருக்குங்கிறதை 5ஆல வகுக்கணும். சிவப்பு, வீக்கம், கசிவு, சொறிஞ்ச தழும்பு, தடிப்பு, வறட்சி ஆறுக்கும் தலா 0 முதல் 3 மதிப்பெண் போட்டு, கூட்டுத்தொகையை 3.5ஆல பெருக்கணும். கடைசியா அரிப்புக்குப் பத்துக்கு எவ்வளவு, தூக்கம் கெட்டதுக்குப் பத்துக்கு எவ்வளவுன்னு சேர்க்கணும். மொத்தம் 103. 25க்குக் கீழ லேசு, 50க்கு மேல கடுமை. நம்ம நிறத்துல சிவப்பு சரியாத் தெரியாது, சாம்பலாவோ கருப்பாவோதான் தெரியும். அதனால நோயைக் குறைச்சு மதிப்பிட வாய்ப்பு உண்டு.

பாப்பாவுக்கு 46 வந்தது. என் மனசுல நின்னது அந்த நம்பர் இல்லை. டாக்டர் அக்காகிட்ட கேட்ட கேள்வி: "கடந்த மூணு ராத்திரி குழந்தை எப்படித் தூங்கிச்சு?" அதுவரைக்கும் அவகிட்ட எல்லாரும் கேட்டது, நீ என்ன சாப்பிட்டேன்னுதான். அக்கா அங்கயே அழுதுட்டா.

அப்புறம்தான் இன்னொண்ணு வெளிய வந்தது. ஏற்கனவே ஒரு டாக்டர் எழுதிக் கொடுத்த ஸ்டீராய்டு களிம்பை, தோல் கெட்டுடும்னு யாரோ பயமுறுத்தினதால ரெண்டே நாள்ல நிறுத்தியிருக்கா. அந்தப் பயத்துலயும் நியாயம் இருக்கு. மெடிக்கல்ல நாமளே கேட்டு வாங்கி மாசக்கணக்காத் தடவினா தோல் மெலிஞ்சு போகும். ஆனா டாக்டர் சொன்ன களிம்பை, சொன்ன அளவு, சொன்ன நாள் வரைக்கும் தடவாம விட்டாலும் நோய் முத்தும். பெரியவங்க ஆள்காட்டி விரலோட நுனியிலிருந்து முதல் கோடு வரைக்கும் பிதுக்கினா சுமார் அரை கிராம். அது ரெண்டு உள்ளங்கை அளவு இடத்துக்குப் போதும். அக்கா மிளகு அளவுதான் தடவியிருந்தா. இப்போ குளிச்ச உடனே ஈரப்பதக் களிம்பு, டாக்டர் சொன்ன நாள்ல ஸ்டீராய்டு. ரெண்டு மாசத்துல பாப்பாவுக்கு 20. முழுசாப் போகல, திரும்ப வரலாம்னும் சொல்லியிருக்காங்க. ஆனா ராத்திரி தூங்குறா. அக்காவும் மீன் சாப்பிடுறா.

போன ஞாயித்துக்கிழமை வீட்டுக்குப் போனப்ப அம்மாகிட்ட இதையெல்லாம் சொன்னேன். ஃபிலாக்ரின், பாக்டீரியா, 336 குழந்தைங்க எல்லாம். அம்மா மீன் ஆய்ஞ்சுக்கிட்டே கேட்டாங்க. கடைசியா, "உன்னால வரலம்மா"ன்னு சொன்னேன்.

கொஞ்ச நேரம் கழிச்சு அம்மா சொன்னாங்க: "நீ வயித்துல இருந்தப்ப எனக்கு ஒரே வாந்திடா. கருவாட்டு வாசனையே ஆகாது. ஒரு துண்டுகூட சாப்பிடல."

பதினோரு வருஷமா என்கிட்ட இதை ஏன் சொல்லலன்னு கேட்டேன். "சொன்னா மட்டும் உனக்கு அரிப்பு நின்னிருக்குமா?"ன்னுட்டு மீனைக் கழுவ எழுந்து போயிட்டாங்க.