கவரிமா

எங்கள் வீட்டு சாம்பாரில் முடி கிடந்தால் அது யாருடையது என்று இப்போது யாரும் கேட்பதில்லை. நீளமாக இருந்தால் என்னுடையது. வெள்ளையாக இருந்தால் அம்மாவுடையது. மற்றதெல்லாம் லட்டுவுடையது.

லட்டு ஆறு வயது கோல்டன் ரெட்ரீவர். அண்ணன் ஆசைப்பட்டு வாங்கியது. வாங்கிய அடுத்த வருடமே அவனுக்கு கனடா விசா வந்துவிட்டது. "ஆறு மாசத்துல நானே வந்து கூட்டிட்டுப் போயிடுவேன்" என்று சொல்லிவிட்டுப் போனான். மயிலாப்பூர் சித்திரக்குளத்துக்குப் பக்கத்தில் இரண்டாவது மாடியில் ஒரு பழைய ஃப்ளாட். அப்பா, அம்மா, நான், லட்டு. வீட்டு வேலைக்கு வரும் அக்கா முதல் மாதமே விளக்குமாற்றை மூலையில் சாய்த்துவிட்டுக் கேட்டார்: "இது நாயா, இலவம்பஞ்சு மரமாம்மா?"

அம்மாவுக்கு வீசிங் உண்டு. பூஜை அறை வாசலில் முடி, மடித்து வைத்த பட்டுப்புடவையில் முடி, தலையணையில் முடி. இரண்டு வருடங்களுக்கு முன் கத்திரி வெயில் நேரத்தில் இழுப்பு அதிகமாகி ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்தபடியே கழித்தாள். காலையில் காபியை வைத்துக்கொண்டு சொன்னாள். "உங்க அண்ணன்கிட்ட பேசு. யாருக்காவது குடுத்துடலாம். என்னால முடியலடி."

நான் அண்ணனிடம் பேசவில்லை. லட்டுவை ஆட்டோவில் ஏற்றி தி.நகரில் ஒரு கடைக்குக் கூட்டிப்போய், "ஃபுல்லா எடுத்துடுங்க" என்றேன். முடி இருந்தால்தானே கொட்டும்? வெயிலுக்கும் இதமாக இருக்கும். கடையில் அதற்கு 'சம்மர் கட்' என்று பெயர். மெஷின் ஓடியது. அரை மணி நேரத்தில் வேறு ஏதோ ஒரு மிருகம் வெளியே வந்தது. வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. நானும் யாரையும் கேட்கவில்லை.

அப்பா ஓய்வுபெற்ற தமிழாசிரியர். கதவைத் திறந்து பார்த்துவிட்டு, "கவரிமாவை மொட்டையடிச்சிட்டியே" என்றார். 969-ஆம் குறளில் வரும் கவரிமா. அது மான் இல்லை, இமயமலையில் இருக்கிற யாக் என்று சொல்பவர்கள் உண்டு, பனியில் நிற்கிற மிருகத்துக்கு முடி போனால் என்ன மிஞ்சும் என்று ஆரம்பித்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. சென்னையில் ஏது பனி?

*

முதல் வாரம் வீடு சுத்தமாக இருந்தது. இரண்டாவது வாரம் குத்தூசி போன்ற குட்டி முடிகள் சோபாவிலும் பாயிலும் ஏறின. துடைத்தாலும் வரவில்லை. மொட்டை மாடியில் சாயங்காலம் அரை மணி நேரம் விட்டதற்கே முதுகுத் தோல் சிவந்து உரிந்தது. லட்டு கட்டிலுக்கடியிலிருந்து வெளியே வர மறுத்தது. அம்மாவின் இழுப்பும் குறையவில்லை. நெஞ்சு டாக்டர் பொறுமையாகச் சொன்னார்: நாய் அலர்ஜி என்பது பெரும்பாலும் முடியால் வருவதில்லை. நாயின் எச்சிலிலும் உதிரும் தோல் செதிலிலும் இருக்கிற புரதம்தான் காரணம். முடி அதைச் சுமந்துகொண்டு வீடு முழுக்கப் போகிற வண்டி. மொட்டையடித்த நாய்க்கும் தோல் இருக்கிறது, எச்சில் இருக்கிறது.

கால்நடை மருத்துவர் அவ்வளவு பொறுமையாக இல்லை. "டபுள் கோட் நாய்க்கு ஷேவ் பண்ணலாமா?" என்று அதட்டினார். லட்டு மாதிரி நாய்களுக்கு இரண்டு அடுக்கு முடி. மேலே நீளமான, கொஞ்சம் முரடான முடி. வெயிலையும் தண்ணீரையும் தடுப்பது அது. அடியில் பஞ்சு போன்ற மென்முடி. குளிரில் சூட்டை உள்ளே நிறுத்துவது அது. காற்றோட்டமாக இருந்தால் வெளிச்சூட்டையும் கொஞ்சம் தள்ளி வைக்கும். நாய்க்கு நம்மைப்போல உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சு வாங்கித்தான் சூட்டை வெளியேற்றுகிறது. அதனால் முடியை வழித்துவிட்டால் காற்று வாங்கும் என்பது நம் கணக்கு, நாயின் கணக்கு அல்ல. வீடெல்லாம் பறப்பது பெரும்பாலும் அந்த அடிமுடி. அதை மட்டும் எடுக்க வேண்டும். நான் இரண்டையும் சேர்த்து எடுத்திருந்தேன். "திரும்ப வளருமா டாக்டர்?" என்றேன். "வளரலாம். சில இடத்துல வளராமலும் போகலாம். ஒரு வருஷம்கூட ஆகும்."

அன்று ராத்திரி ஃபேன் காற்றுக்கு லட்டு நடுங்கிக்கொண்டிருந்தது. அம்மா எழுந்து வந்து தன் பழைய சுங்குடிப் புடவையை நான்காக மடித்து அதன் முதுகில் போர்த்திவிட்டு, ஒன்றும் சொல்லாமல் போய்ப் படுத்துக்கொண்டாள். யாருக்காவது கொடுத்துவிடலாம் என்ற பேச்சு அதற்குப் பிறகு வரவில்லை.

*

கோல்டன் ரெட்ரீவர் ஸ்காட்லாந்தின் வடக்கே, இன்வெர்னஸ் பக்கத்தில் ஒரு பிரபுவின் பண்ணையில் 1868-இல் உருவாக்கத் தொடங்கிய இனம். சுட்டு விழுத்திய பறவைகளைக் குளிர்ந்த நீரில் நீந்திப்போய்க் கவ்விவருவதுதான் வேலை. அங்கே உச்சக் கோடையில் பகல் சுமார் 18 மணி நேரம், நடுக்குளிரில் ஆறரை மணி நேரம். இந்த ஏற்ற இறக்கத்தைப் பார்த்துத்தான் நாயின் உடம்பு எப்போது முடியை உதிர்க்க வேண்டும் என்று முடிவெடுக்கிறது. சென்னையில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஒன்றரை மணி நேரம்தான். போதாக்குறைக்கு ராத்திரி பதினொரு மணி வரை டியூப்லைட். குளிர்காலம் எப்போது வந்தது, எப்போது போனது என்று லட்டுவின் உடம்புக்குச் சொல்ல இங்கே எதுவும் இல்லை. அதனால் வருடம் முழுக்கக் கொட்டுகிறது.

2024-இல் தமிழக அரசு வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கையில், இந்தத் தட்பவெப்பத்துக்குப் பொருந்தாதவை என்று 11 இனங்களைப் பட்டியலிட்டு அவற்றைப் பெருக்கக் கூடாது என்றார்கள். சைபீரியன் ஹஸ்கி, செயின்ட் பெர்னார்ட், அலாஸ்கன் மாலமூட், சௌ சௌ எல்லாம் அதில் உண்டு. எதிர்ப்பும் வந்தது. பட்டியலில் கோல்டன் இல்லை என்று பார்த்ததும் எனக்கு வந்த நிம்மதி, கொஞ்சம் வெட்கப்பட வேண்டிய நிம்மதி. எங்கள் தெருவில் காருக்கடியில் படுத்திருக்கும் நாய்க்கு ஒட்ட வெட்டியது போன்ற முடி. சிப்பிப்பாறைக்கும் கன்னிக்கும் அப்படித்தான். இந்த வெயிலுக்கு என்ன தேவை என்று அவற்றுக்குத் தெரிந்திருக்கிறது. ஆசைப்பட்டு வாங்கியபோது எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை.

*

பத்து மாதம் கழித்து, முடி ஓரளவு வந்ததும், அடையாறில் ஒரு கடைக்குக் கூட்டிப்போனேன். டீ-ஷெட்டிங். அம்மாவும் வருவேன் என்றாள். மந்தைவெளி தாண்டி, கிரீன்வேஸ் ரோடு வழியாக, திரு.வி.க. பாலத்தில் ஆட்டோ ஏறும்போது லட்டு வெளியே தலையை நீட்டிக் காற்றைக் குடித்தது. முடி கொட்டும் என்று நூறு ரூபாய் கூடுதலாகக் கேட்ட டிரைவர்கூட ஒரு தடவை திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

கடைத் தம்பிக்கு இருபத்தைந்து வயது இருக்கும். முதலில் ஆண்கள் சலூனில் வேலை பார்த்தவராம். லட்டுவை மேஜையில் ஏற்றி, முடியைப் பிரித்துத் தோலைப் பார்த்தார். இடது தொடைக்கு மேலே உள்ளங்கை அளவு ஒரு இடம் வெறுமையாக இருந்தது. "ஷேவ் பண்ணீங்களாக்கா?" என்றார். ஆமாம் என்றேன். மேலே எதுவும் கேட்கவில்லை.

முதலில் காய்ந்த முடியிலேயே வாருகிறார்கள். சிக்கு இருக்கும்போது தண்ணீர் பட்டால் அது இறுகிவிடும். காதுக்குப் பின்னால், அக்குளில், பின்தொடையில் விரலால் பிரித்துப் பிரித்து எடுக்கிறார். அப்புறம் வெதுவெதுப்பான தண்ணீர், ஷாம்பு, கண்டிஷனர். அதன் பிறகுதான் ப்ளோயர். நாம் தலை காயவைக்கும் டிரையர் மாதிரி இல்லை. சூட்டைவிட காற்றின் வேகம்தான் அதில் வேலை செய்கிறது. நாயின் காதில் பஞ்சு, தம்பியின் முகத்தில் மாஸ்க், கண்ணாடி. காற்று பட்ட இடத்தில் முடி புல்வெளி மாதிரி விலகித் தோல் தெரிகிறது. செத்த அடிமுடி கிளம்பிப் பறக்கிறது. ஐந்து நிமிடத்தில் அறை முழுக்கப் பஞ்சு. அடிவரை காயாமல் விட்டால் சென்னைப் புழுக்கத்துக்குத் தோலில் புண் வந்துவிடும் என்பதால் அவசரப்படவே முடியாது. கடைசியில் ரேக்கும் ஸ்லிக்கர் பிரஷ்ஷும். முடி போகிற திசையில், அழுத்தாமல். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப இழுத்தால் மேல்முடியும் அறுந்துவிடும்.

"சலூன்ல முடி கொட்டுதுன்னு அழுவாங்கக்கா. இங்க கொட்டலைனாதான் அழணும். செத்த முடி உள்ளயே தங்கிடுச்சுன்னா காத்து போகாது" என்றார் தம்பி.

பக்கத்தில் ஒரு பெர்ஷியன் பூனை முறைத்துக்கொண்டிருந்தது. அதற்கு ப்ளோயர் இல்லையா என்று அம்மா கேட்டாள். அந்தச் சத்தத்துக்கே பூனை பயந்து செத்துவிடும் என்றார். பூனைக்குச் சீப்பு மட்டும், அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக. பூனை தன்னைத்தானே நக்கிச் சுத்தம் செய்யும். நாக்கில் பின்னோக்கி வளைந்த முட்கள் இருப்பதால் சிக்கிய முடியைத் துப்ப வராது, விழுங்கத்தான் வேண்டும். நாய்க்கு வாரினால் வீட்டுக்கு நல்லது, பூனைக்கு வாரினால் அதன் வயிற்றுக்கு நல்லது.

இரண்டரை மணி நேரம். 1,800 ரூபாய். எடுத்த முடியை ஒரு பெரிய கவரில் போட்டுக் காட்டினார். உள்ளே இன்னொரு நாய் இருப்பது மாதிரி இருந்தது. மறுநாள் வேலைக்கு வந்த அக்கா, "எவ்ளோ ஆச்சும்மா?" என்று கேட்டார். ஐநூறு என்று சொன்னேன். "ஐநூறா!" என்று கன்னத்தில் கை வைத்துக்கொண்டார்.

*

இப்போது இரண்டு மாதத்துக்கு ஒரு முறை அடையாறு. நடுவில் வாரம் இரண்டு நாள் பால்கனியில் நான் வாருகிறேன். லட்டு அம்மாவின் படுக்கையறைக்குள் வருவதில்லை. பெருக்கினால் பறக்கும் என்பதால் ஈரத் துணிதான். அம்மாவின் இழுப்பு போய்விடவில்லை. இன்ஹேலர் ஃப்ரிட்ஜ் மேல்தான் இருக்கிறது. கத்திரியில் கூடுகிறது, பிறகு குறைகிறது. முடியும் கொட்டிக்கொண்டுதான் இருக்கிறது. ஒரே நாளில் இதை முடித்துவிடலாம் என்று நினைத்ததற்கு மட்டும் ஒரு அடையாளம் மிச்சம்.

அந்த இடத்தில் இன்னும் முடி சரியாக வரவில்லை. கொஞ்சம் பூனைமுடி மாதிரி, கறுத்த தோலின் மேல். ஒவ்வொரு முறையும் தம்பி அந்த இடம் வந்ததும் ரேக்கைத் தூக்கித் தாண்டி வைப்பார். போன மாதம் அண்ணன் வீடியோ காலில் வந்தான். கழுத்துவரை ஜாக்கெட், பின்னால் ஜன்னலில் பனி. லட்டுவைக் காட்டச் சொன்னான். காட்டினேன். "அங்க என்னது, வெள்ளையா?" என்று கேட்டான்.

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா லட்டுவின் தொடை மேல் கையை வைத்து மூடிக்கொண்டு, "ஒண்ணுமில்லடா, வெயில்" என்றாள்.