அவன் எப்போ டிவியில வருவான்?

இது கொஞ்சம் நீளமான பதிவு. அருவிக்குப் போய் வந்து, தலை துவட்டி, சாவகாசமாக உட்கார்ந்து படியுங்கள்.

சாரல் மாதங்களில் தென்காசிக்காரர்கள் எல்லோர் வீட்டிலும் ஆள் வரத்து அதிகம். எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் இந்த வருஷம் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். "நம்ம பய எப்போ டிவியில வருவான்?" வராதவர்கள் போனில் கேட்கிறார்கள். குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் அதே கேள்விதான். எல்லோருக்கும் சேர்த்து இங்கே பதில் எழுதிவிடுகிறேன்.

பய என்பது என் தங்கை பேரன். எனக்கும் பேரன்தான். வயது 20. சின்ன வயதிலிருந்தே கபடி. பொங்கலுக்கும் கோயில் கொடைக்கும் ஊர் ஊராகப் போய் மண் களத்தில் ஆடி வளர்ந்தவன். போன வருஷம் ஒரு தொழில்முறை அணி அவனைப் புதுமுகமாக எடுத்தது. அணியின் பெயரை அவன் அனுமதி இல்லாமல் எழுதக் கூடாது என்பதால் விடுகிறேன். ஒரு சீசன் முடிந்துவிட்டது. ஒரு ஆட்டத்தில்கூட அவன் களத்தில் இறங்கவில்லை. நீங்கள் டிவி முன்னால் உட்கார்ந்து தேடியது வீணாகப் போயிற்று.

போன வாரம் அவன் என்னிடம் சொன்னது இது: "தாத்தா, கொடைக்கு நான் வரல. வந்தா எல்லாரும் கேப்பாவ." அவன் அப்பாவுக்கும் யோசனை மாறிவிட்டது. "மாமா, இன்னும் எத்தன வருஷம் பாக்க? கடையில உக்காரச் சொல்லிருவமா?" என்கிறார். அப்பன் கவலை அப்பனுக்கு. அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இந்தப் பையன் என்ன வேலை பழகுகிறான், அதற்கு எவ்வளவு காலம் பிடிக்கும் என்று தெரிந்துகொண்டு முடிவு எடுப்பது நல்லது.

அவன் ஆடுவது ரைட் கவர். கபடியில் ஏழு பேர் நிற்கும்போது இரண்டு ஓரத்திலும் கார்னர், அவர்களுக்கு அடுத்து இன், அதற்கு அடுத்து கவர், நடுவில் சென்டர். ரெய்டு போகிறவனை எல்லோருக்கும் தெரியும். கார்னரில் நின்று கணுக்காலைப் பிடிக்கிறவனையும் ஓரளவு தெரியும். கவர்காரன் என்ன செய்கிறான் என்று நம்மில் பாதிப் பேர் கவனித்திருக்க மாட்டோம். கார்னர் காலைப் பிடித்த அடுத்த நொடி ரெய்டர் நடுக்கோட்டை நோக்கிப் பாய்வான். கை விரல் கோட்டைத் தொட்டால் போதும், பிடித்தவனும் அவுட், உதவிக்கு வந்து தொட்டவர்களும் அவுட். அந்தப் பாய்ச்சலுக்குக் குறுக்கே போய் நிற்கிறவன் கவர். மார்பைக் கொடுத்து மறிப்பது பிளாக். ஓரத்துக்கு வந்தவனை ஒரே மோதலில் எல்லைக்கு வெளியே தள்ளுவது டேஷ். இவ்வளவு செய்த பிறகும் புள்ளிக் கணக்கில் பெரும்பாலும் முதலில் பிடித்தவன் பெயர்தான் ஏறும்.

என்னிடம் இயற்பியல் படித்தவர்களுக்கு ஒரு கணக்கு. ஆண்கள் ஆடும் களம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். ஒரு அணிக்கு அதில் பாதி. 6.5 மீட்டர் ஆழத்துக்குள் எல்லாம் நடந்தாக வேண்டும். வேகமாக வருகிற 80 கிலோ உடம்பை நிறுத்த வேண்டுமென்றால், நம் ஈர்ப்பு மையம் அவனுடையதை விடத் தாழ்ந்திருக்க வேண்டும், கால் அகன்றிருக்க வேண்டும், நாம் மோதும் திசை சரியாக இருக்க வேண்டும். கரும்பலகையில் இதைச் சொல்ல எனக்கு ஐந்து நிமிடம் ஆகும். உடம்புக்குச் சொல்லிக்கொடுக்க வருஷங்கள் ஆகும். அதுவும் மண்ணில் வெறுங்காலோடு பழகியவன் மேட்டில் ஷூ போட்டு ஆட வரும்போது, கால் வைப்பதிலிருந்து திரும்பப் பழக வேண்டும்.

இதைவிடக் கஷ்டம் ஒன்று இருக்கிறது. சும்மா இருக்கப் பழகுவது. ஒரு ரெய்டுக்கு 30 நொடி. அந்த 30 நொடியும் எதிராளி கையை நீட்டி, காலை நீட்டி, "வா, வந்து பிடி" என்று ஆசை காட்டுவான். ஊர்க் களத்தில் பாய்ந்து பிடித்துக் கைத்தட்டு வாங்கிய பையனுக்குக் கை துறுதுறுக்கும். அவசரப்பட்டுப் பாய்ந்தால் அவன் மட்டும் போக மாட்டான், துணைக்கு வந்த இரண்டு பேரையும் சேர்த்து வெளியே அழைத்துப் போவான். நம்ம பய சொன்னான்: "தாத்தா, முதல் மூணு மாசமும் கோச் என்னைப் பிடிக்கவே விடல. எப்போ பிடிக்கக் கூடாதுன்னு மட்டுமே சொல்லிக் குடுத்தாங்க." கேட்டவுடன் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நல்ல வாத்தியாரிடம் போய்ச் சேர்ந்திருக்கிறான்.

இன்னொரு கணக்கும் பாருங்கள். புரோ கபடியில் ஒரு அணி 25 பேர் வரை வைத்துக்கொள்ளலாம். ஆட்டத்துக்கு 12 பேர் பட்டியல். களத்தில் 7 பேர். முதல் வருஷம் உட்கார்ந்திருப்பவன் தோற்றுப் போனவன் என்றால், ஒவ்வொரு அணியிலும் பாதிக்கு மேல் தோற்றவர்கள்தான்.

தமிழ் தலைவாஸ் கதை உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். 2017இல் வந்த அணி. முதல் சீசன்களில் பெரிய பெயர்கள் இருந்தும் அடுத்த சுற்றுக்குப் போகவே இல்லை. 2022 ஏலத்தில் பவன் செராவத்தை 2.26 கோடி ரூபாய்க்கு எடுத்தார்கள். அதுவரை அந்த லீக்கில் யாருக்கும் கிடைக்காத தொகை அது. முதல் ஆட்டத்திலேயே அவருக்கு முழங்காலில் அடி. சீசன் முழுக்க ஆட முடியவில்லை. அணி அவ்வளவுதான் என்று நாம் எல்லோரும் டிவியை அணைத்துவிட்டோம். ஆனால் அந்த வருஷம்தான் தலைவாஸ் முதல்முறையாக அரையிறுதிக்குப் போனது. ரெய்டில் முதல் சீசன் ஆடிய நரேந்தர் எழுந்து நின்றார். பின்னால் சாகரும் சாஹில் குலியாவும் கார்னரில், மோஹித்தும் எம். அபிஷேக்கும் கவரில் நின்றார்கள். எல்லாம் இளம் பையன்கள். டிவியில் வெளிச்சம் பட்டதற்கு முன்னால் அவர்கள் சேர்ந்து பழகிய நாட்களை யாரும் படம் எடுக்கவில்லை.

தஞ்சாவூர்ப் பக்கத்துத் தர்மராஜ் சேரலாதனையும் சொல்ல வேண்டும். 1975இல் பிறந்தவர். தடுப்பாட்டக்காரர். புரோ கபடி 2014இல் தொடங்கியபோது அவருக்கு வயது 39. மற்றவர்கள் ஓய்வு பெறுகிற வயதில்தான் நாடு அவரை டிவியில் பார்த்தது. 2016இல் பாட்னா பைரேட்ஸ் அணிக்குத் தலைவராக இருந்து கோப்பை வாங்கிக் கொடுத்தார். அதே வருஷம் அகமதாபாத்தில் உலகக் கோப்பையை வென்ற இந்திய அணியிலும் இருந்தார். இப்போது அவரிடம் போய், "20 வயசுல ஏன் டிவியில வரல?" என்று கேட்க முடியுமா?

பிலடெல்பியாவில் இருக்கும் என் பழைய மாணவன் ஒருவனிடம் பையனைப் பற்றிப் பேசியபோது, அவன் அந்த ஊர் ஆள் ஒருவரைப் பற்றிச் சொன்னான். பிறகு நானும் தேடிப் படித்தேன். அமெரிக்கக் கால்பந்து என்பது நாம் அறிந்த கால்பந்து இல்லை. கையில் பந்தைப் பிடித்து ஓடுவார்கள், எறிவார்கள். பந்தை எறிகிறவருக்கு முன்னால் ஐந்து தடியர்கள் வரிசையாக நிற்பார்கள். அவர்கள் பந்தைத் தொடுவது அபூர்வம். எதிரணி பாய்ந்து வரும்போது மறிப்பதுதான் அவர்கள் வேலை. நம்ம கவர்காரன் மாதிரி. மறிப்பு நின்றால் பேர் எறிந்தவருக்கு, உடைந்தால் திட்டு இவர்களுக்கு.

ஜோர்டன் மைலாட்டா என்பவர் சிட்னியில் வளர்ந்த சமோவா வம்சாவளிப் பையன். இரண்டு மீட்டருக்கு மேல் உயரம். ரக்பி ஆடியவர். அமெரிக்கக் கால்பந்தில் ஒரு ஆட்டம்கூட ஆடியதில்லை. 2018இல் பிலடெல்பியா ஈகிள்ஸ் அணி அவரைத் தேர்வின் கடைசிச் சுற்றில், 233ஆவது ஆளாக எடுத்தது. 2018, 2019 இரண்டு சீசனிலும் லீக் ஆட்டம் ஒன்றில்கூட அவர் இறங்கவில்லை. முதுகிலும் அடி. அந்த நாளெல்லாம் ஜெப் ஸ்டவுட்லண்ட் என்ற பயிற்சியாளர் அவருக்குக் கால் வைப்பதையும் கை வைப்பதையும் அரிச்சுவடியிலிருந்து சொல்லிக்கொடுத்தார். 2020இல் முதல்முறை களம் கண்டார். 2021இல் நான்கு வருஷத்துக்கு 6 கோடியே 40 லட்சம் டாலர் ஒப்பந்தம். 2025 பிப்ரவரியில் அவர் அணி அந்த நாட்டின் மிகப் பெரிய கோப்பையை வென்றது. முதல் இரண்டு வருஷத்தில் அவருடைய சொந்தக்காரர்களும் "எப்போ டிவியில வருவ?" என்று கேட்டிருப்பார்களோ என்னவோ!

நம்ம ஊரிலேயே இதற்கு ஒரு பாடம் இருக்கிறது. பேரருவியில் தண்ணீர் உச்சியிலிருந்து நேராக நம் தலையில் விழுவதில்லை. விழுந்தால் யாரும் நிற்க முடியாது. நடுவில் பாறைப் பள்ளம் ஒன்று, பொங்குமாகடல், அந்த முதல் வேகத்தை வாங்கிக்கொள்கிறது. அதில் விழுந்து, பொங்கி, வழிந்த தண்ணீரில்தான் நாம் குளிக்கிறோம். குளிக்கிற கூட்டத்தில் எத்தனை பேர் அதை அண்ணாந்து பார்க்கிறார்கள்? அது இல்லாவிட்டால் எண்ணெய் தேய்த்துக்கொண்டு கீழே நிற்க நமக்குத் துணிச்சல் வருமா?

உங்களைச் சமாதானப்படுத்த ஒரு பொய்யும் சொல்ல மாட்டேன். எல்லா மைலாட்டாவும் மைலாட்டா ஆவதில்லை. இரண்டு வருஷம் உட்கார்ந்து, மூன்றாம் வருஷம் வீட்டுக்கு அனுப்பப்பட்ட பையன்களின் பெயரை யாரும் எழுதி வைப்பதில்லை. நம்ம பயலுக்கும் அது நடக்கலாம். முழங்கால் ஒன்று போனால் போதும். அதனால் பாதியில் நிற்கிற பட்டப் படிப்பை அஞ்சல் வழியாவது முடிக்கச் சொல்லியிருக்கிறேன். சரி என்றிருக்கிறான். மாநில அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. ரயில்வேயும் காவல்துறையும் கபடிக்காரர்களை எடுக்கின்றன. ஆடுகிற காலத்தில் சான்றிதழ்களைப் பத்திரமாக வைத்தால் இந்தக் கதவுகள் திறந்திருக்கும். அவன் அப்பாவிடமும் இதைத்தான் சொன்னேன். "இன்னும் ரெண்டு சீசன் விடுங்க மருமகனே. கடை எங்கயும் ஓடிப் போயிராது. அவன் வயசுதான் ஓடிரும்." யோசிக்கிறேன் என்றிருக்கிறார்.

உங்களிடம் கேட்பது சின்ன விஷயம். அவனைப் பார்த்தால் டிவியைப் பற்றிக் கேட்காதீர்கள். "இந்த வருஷம் என்ன புதுசாப் படிச்ச?" என்று கேளுங்கள். டேஷ் எப்படி அடிப்பது என்று எழுந்து நின்று செய்து காட்டுவான். பேச்சு நிற்காது. வீட்டில் மேசை நாற்காலியை மட்டும் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொள்ளுங்கள். அடுத்த முறை ஆட்டம் பார்க்கும்போது ஒரே ஒரு ரெய்டில் ரெய்டரை விட்டுவிட்டு கவர்காரனை மட்டும் பாருங்கள். 30 நொடியும் அவன் கால் எப்படி நகர்கிறது என்று கவனியுங்கள். உங்கள் பிள்ளைகளையும் பக்கத்தில் உட்கார வைத்துக் காட்டுங்கள்.

என் மாணவர்களில் மாவட்ட, மாநில அளவில் ஆடியவர்கள் சிலர் இருக்கிறீர்கள். போலீஸில், ரயில்வேயில் ஆடுகிறவர்களும் இருக்கிறீர்கள். உங்கள் முதல் இரண்டு வருஷம் எப்படிப் போனது, பெஞ்சில் உட்கார்ந்து என்ன கற்றீர்கள் என்று கீழே எழுதுங்கள். நான்கு வரி போதும். ஞாயிற்றுக்கிழமை அவன் போன் செய்வான். ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டுகிறேன்.

அன்புடன்,
உங்கள் பழைய இயற்பியல் வாத்தியார்
தென்காசி