வளை கழலாத கவலை

கவலைப்பட்டால் உடம்பு இளைக்கும். தமிழில் இதற்கு மறுபேச்சே இல்லை. சங்கக் கவிதைகளில் தலைவன் பிரிந்தால் தலைவியின் கைவளை கழன்று விழும். திருக்குறளில் இதற்கென்றே 'உறுப்புநலன் அழிதல்' என்று ஓர் அதிகாரம் இருக்கிறது, 124ஆவது. ஜாசின் பக்கத் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய என் பாட்டிக்குக் குறள் தெரியாது. ஆனால் யாராவது மெலிந்து வந்தால், "என்னா மனக்கொறையோ, புள்ள ஒடஞ்சி போச்சே" என்பார். சதை போட்டு வந்தால், "நல்லா இருக்கான்." அவ்வளவுதான்.

நானும் அப்படி 'நல்லா இருந்த' காலம் ஒன்று உண்டு. பத்து பெரண்டாமில் ஒரு தொழிற்சாலையில் 12 மணி நேர ஷிப்ட். ஒன்றரை வருசத்தில் 14 கிலோ ஏறினேன். அதே தொழிற்சாலையில் வேறு பிரிவில் இருந்த மாமா மகனுக்கு பெல்ட்டில் புது ஓட்டை போட வேண்டியிருந்தது. இருவருக்கும் ஒரே ஷிப்ட், ஒரே பயம்: நடு ராத்திரியில் மெஷின் நின்றுபோனால் மேலே யாருக்குப் பதில் சொல்வது? அலோர் காஜாவில் ஒரு கல்யாணத்தில் அவனை மூலைக்கு அழைத்துப்போய், "என்னய்யா பிரச்சனை?" என்று விசாரித்தார்கள். எனக்கு இன்னொரு கரண்டி பாயாசம் ஊற்றினார்கள்.

லண்டன் அரசாங்க ஊழியர்களை 1985 முதல் கவனித்துவரும் ஓர் ஆய்வு இருக்கிறது, வைட்ஹால் 2. அதிலிருந்து 2006இல் வந்த கட்டுரை ஒன்று எங்கள் கதையையே சொல்கிறது. வேலை அழுத்தம் மிகுந்த ஆண்களில் ஏற்கெனவே ஒல்லியாக இருந்தவர்கள் மேலும் மெலிந்தார்கள். பருமனாக இருந்தவர்கள் மேலும் பருத்தார்கள். அழுத்தம் ஒன்றுதான், அது போகும் திசைதான் வேறு.

அழுத்தம் நீடித்தால் உடம்பில் கார்ட்டிசோல் கூடும். பலருக்கு அது இனிப்பையும் கொழுப்பையும் தேட வைக்கும். வயிற்றைச் சுற்றி சதை சேர்க்கும். தூக்கம் கெட்டால் இன்னும் மோசம். சிகாகோவில் 12 இளைஞர்களை இரண்டு இரவுகள் நாலு மணி நேரம் மட்டும் தூங்க வைத்துப் பார்த்தார்கள். பத்து மணி நேரம் படுத்திருந்தபோது இருந்ததைவிட, 'போதும்' என்று சொல்லும் லெப்டின் 18 விழுக்காடு குறைந்தது. பசியைத் தூண்டும் கிரெலின் 28 விழுக்காடு கூடியது. 2004இல் வெளியான முடிவு இது. இரவு ஷிப்ட் முடிந்து காலை ஏழு மணிக்கு மாமாக் கடையில் ரொட்டி சானாயும் கெட்டிப்பால் ஊற்றிய தே தாரிக்கும் கேட்டது என் நாக்கு மட்டுமில்லை.

ஜெர்மன்காரர்கள் இந்தச் சதைக்கு ஒரு பேரே வைத்திருக்கிறார்கள்: கும்மர்ஷ்பெக். துக்கத்தில் தின்று வைத்த கொழுப்பு என்று சொல்லலாம். நம்மிடம் அப்படிச் சொல் இல்லை. நம் மொழியில் கொழுப்பு என்றால் திமிர். "ஒனக்குக் கொழுப்பு ஏறிப்போச்சு" என்று சொல்கிற ஊரில், குண்டானவன் தன் மனக்கஷ்டத்தை எப்படிச் சொல்வான்? 2019 தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 50.1 விழுக்காட்டினர் அதிக எடை அல்லது உடல்பருமன் உள்ளவர்கள். இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்கள்தான் முதலிடம். எல்லாமே கவலையால் வந்ததில்லை. மரம் வெட்டிய கால்கள் இப்போது நாற்காலியில் இருக்கின்றன, சாப்பாடும் மாறிவிட்டது. ஆனால் கவலையும் அதில் இருக்கிறது. அதை யாரும் கேட்பதில்லை.

எனக்கு உதவியது பட்டினி இல்லை. பகலில் தூங்க ஜன்னலுக்குக் கறுப்புத் துணி. ஷிப்டுக்கு வீட்டுச் சோறு கட்டிக்கொண்டு போனது. லீவு நாளில் மாமா மகனோடு புக்கிட் பெருவாங் ஏறியது. ஏறும்போது மூச்சு வாங்கும், பேச முடியாது. இறங்கும்போது இருவரும் பேசினோம். அவன் சம்பளம், என் மேனேஜர், வீட்டுக் கடன், எல்லாம். ஒரு வருசத்தில் நான் ஆறு கிலோ இறங்கினேன், அவன் மூன்று கிலோ ஏறினான். ஷிப்ட் மட்டும் மாறவில்லை.

அடுத்த கல்யாணத்தில் குண்டாகிப்போன தம்பி யாராவது கண்ணில் பட்டால், பாயாசம் ஊற்றுங்கள், தப்பில்லை. கூடவே, "தூங்குறியாய்யா?" என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள்.