பழவேற்காட்டுக் கரையோரம் – 4: காட்டூர்க் கழனியில் ஒரு குறுவாய்த் தவளை

மீஞ்சூரில் ரயிலைவிட்டு இறங்கி, ஷேர் ஆட்டோ பிடித்துக் காட்டூர் வந்து சேர்ந்தபோது மழை விட்டிருந்தது. மீன்பிடி இடங்களை மீனவர்கள் முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் பாடு முறையைச் சென்ற இதழில் பார்த்தோம். இம்முறை நான் கேட்க வந்தது, ஓர் அங்குல நீளமே உள்ள குறுவாய்த் தவளையின் குரலை.

“ஏரிக்குக் கீழ இருக்கிற கழனிப் பக்கம் போ தம்பி. உப்பு ஏறுன நெலத்துல அது கத்தாது” என்றார் டீக்கடையில் இருந்த பெரியவர்.

காட்டூர் ஏரியும் தத்தமஞ்சி ஏரியும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பவை. கரையிலிருந்து இறங்கி வரப்பில் நின்றேன். சீப்பின் பற்களில் நகத்தை இழுத்தால் எழும் ஓசை, நூறு மடங்கு உரத்து, நாலாபுறமும். இத்தனை சின்ன உடம்புக்குள் இவ்வளவு குரலா! டார்ச் அடித்தால் அருகில் கத்துவது நிறுத்திவிடும். விளக்கை அணைத்துப் பொறுத்திருக்க வேண்டும். வெகுநேரம் கழித்துப் புல்லின் தூரில் ஒன்றைக் கண்டேன். மண்நிற முதுகில் நடுவே குறுகிய கரும்பட்டை, ஊதிப் புடைத்த கருந்தொண்டை. கத்துவது ஆண்தான். எறும்பும் கறையானும் இதன் இரை.

ஆழமில்லாத மழைநீரில்தான் இது முட்டையிடும். தலைப்பிரட்டைகள் கண்ணாடிபோல் தெளிந்தவை. உள்ளுறுப்புகள் வெளியே தெரியும். கொறிக்கக் கொம்புத் தாடை கிடையாது, நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களை வடிகட்டித் தின்னும். குட்டை வற்றுவதற்குள் கால் முளைத்துக் கரையேறியாக வேண்டும். வீட்டுமனை போடுகிறவர்கள் முதலில் மண் கொட்டி மூடுவது இந்தக் குட்டைகளைத்தான். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது.

கிழக்கே, உப்பங்கழியை நோக்கி நடந்தேன். குரல்கள் குறைந்துகொண்டே வந்து, ஓரிடத்துக்கு அப்பால் எனக்கு எதுவும் கேட்கவில்லை. தவளை தோலால் நீரை உறிஞ்சும் உயிர். உப்பு நீர் அதன் உடம்பிலுள்ள ஈரத்தை வெளியே இழுத்துவிடும். தென்கிழக்காசிய அலையாத்திக் காடுகளில் வாழும் நண்டுண்ணித் தவளை, உடம்பில் யூரியாவைச் சேர்த்துவைத்து உப்பைத் தாங்குகிறது. நம் குறுவாய்க்கு அந்த வித்தை இல்லை.

உப்பு நிலத்தடியிலும் ஏறியது. மீஞ்சூர் வட்டாரத்தில் சென்னையின் குடிநீருக்கும் ஆலைகளுக்கும் பாசனத்துக்கும் அளவின்றி நிலத்தடி நீரை இறைத்ததில், கடல்நீர் உள்ளே புகுந்தது. 1960களின் இறுதியிலேயே அது ஆய்வாளர்களின் கவனத்துக்கு வந்துவிட்டது. அதன்பின் பல கிலோமீட்டர் உள்நாடு வரை கிணறுகள் கரித்தன. ஏரியில் மழைநீர் நின்று கீழே இறங்கினால்தான் அந்த உப்பைப் பின்னுக்குத் தள்ள முடியும். காட்டூர் ஏரியைத் தூர்வாருவதும் அதன் கரையை உயர்த்துவதும் பயிருக்கு மட்டுமான வேலையல்ல என்று நான் சொல்வது இதனால்தான்.

இந்தத் தவளைக் குரலைக் கேட்க விரும்புகிறவர்கள் ஐப்பசியில், முதல் பெருமழைக்கு மறுநாள், பொழுது சாய்ந்தபின் வாருங்கள். மதகை ஒட்டிய கழனிகள் போதும். ரப்பர் செருப்பு வேண்டாம். வரப்பில் பாம்பும் இரை தேடும், முழங்கால் வரை பூட்ஸ் போடுங்கள். வரப்பை மிதித்து உடைக்காமல் நடங்கள், நாற்று நட்டவர்களின் உழைப்பு அது.

அடுத்த இதழில் படகேறிப் பழவேற்காடு ஏரிக்குள் போவோம்.