ரோம்ல குட்டிப் பசங்களோட சுத்தப் போறீங்களா?

1/ கோடை லீவுக்கு ரோம் டிக்கெட் போட்டாச்சா? கூட 2 வயசு, 5 வயசு வாண்டுங்க வர்றாங்களா? இந்த த்ரெட் உங்களுக்குத்தான். "சென்னை வெயிலையே பாத்தவங்க நாங்க, ரோம் வெயில் என்ன பண்ணிடும்?"னு நினைக்கிறவங்க கண்டிப்பா படிங்க.

2/ சென்னையில மே மாசம் மதியம் 2 மணிக்குக் குழந்தையை ரோட்டுல நடக்க வைப்போமா? மாட்டோம். ரோம்ல ஜூலை, ஆகஸ்ட்ல சர்வ சாதாரணமா 30 டிகிரியைத் தாண்டும். அங்க அதே 2 மணிக்கு, நிழலே இல்லாத ரோமன் ஃபோரத்துல இழுத்துட்டுப் போவோம். காசு போட்டு வந்தாச்சே!

3/ குழந்தைகளுக்கு எடையோடு ஒப்பிட்டால் தோலின் பரப்பு அதிகம். அதனால வெளியில இருக்கற சூடு சீக்கிரம் உள்ள ஏறும். வியர்வை நம்மளவு சுரக்காது. விளையாட்டு மும்முரத்துல தாகமும் சொல்லத் தெரியாது. அதனால கேக்கறதுக்கு முன்னாடியே தண்ணி குடுங்க.

4/ தண்ணிக்கு ரோம்ல பஞ்சமே இல்ல. தெருவுக்குத் தெரு 'நசோனே'ன்னு இரும்புக் குழாய் இருக்கும். 'பெரிய மூக்கு'ன்னு அர்த்தம். 1870கள்ல ஆரம்பிச்சது, இன்னைக்கு சுமார் 2,500 இருக்கு. நல்ல குடிநீர், இலவசம். குழாய் வாயை விரலால அடைச்சா மேல இருக்கற ஓட்டை வழியா தண்ணி பீச்சும். பசங்களுக்கு இதுவே ஒரு டூரிஸ்ட் ஸ்பாட்!

5/ ஸ்ட்ரோலர்ல தூங்கற குழந்தை மேல துணி போட்டு மூடாதீங்க, மெல்லிசு துணியா இருந்தாலும். காத்து போகாம உள்ள சூடு ஏறிடும். குடை பிடிங்க, முகம் கண்ணுக்குத் தெரியணும்.

6/ நாளை இப்படிப் பிரிங்க. கொலோசியம் காலை முதல் ஸ்லாட். 18 வயசுக்குக் கீழ இலவசம், ஆனா அவங்களுக்கும் டிக்கெட் எடுக்கணும். அப்புறம் பக்கத்துலயே சான் கிளமெண்டே சர்ச். 12ஆம் நூற்றாண்டுக் கோயிலுக்குக் கீழ 4ஆம் நூற்றாண்டுக் கோயில், அதுக்கும் கீழ ரோமானியர் காலக் கட்டிடம். கீழ ஜில்லுன்னு இருக்கும், தண்ணி ஓடற சத்தம் கேக்கும். படிக்கட்டு உண்டு, கைக்குழந்தையைத் தூக்கித்தான் இறங்கணும்.

7/ மதியம் 12-4 ரூமுக்குப் போய்த் தூங்குங்க. வேஸ்ட் இல்ல, அதுதான் சாயங்காலத்துக்கு முதலீடு. 4 மணிக்கு மேல பாந்தியன். கூரை நடுவுல சுமார் 9 மீட்டர் அகலத்துக்குத் திறந்த ஓட்டை. மழை நேரா உள்ள விழும், வடிய தரையில சின்னச் சின்ன துளைகள் இருக்கு. அதைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்க, 15 நிமிஷம் உங்களுக்கு நிம்மதி. அப்புறம் வில்லா போர்கேசே பார்க், மர நிழல்.

8/ கவனிக்க வேண்டிய அறிகுறிகள்: ஆறு மணி நேரமா சிறுநீர் போகல, அடர் மஞ்சளா போகுது, அழுதா கண்ணீர் வரல, வழக்கத்தை விட எரிச்சல். உடனே நிழல், ஓஆர்எஸ் கொஞ்சம் கொஞ்சமா. பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவு தண்ணீரில் மட்டுமே கலக்கவும்.

9/ குழந்தை துவண்டு போச்சு, பேச்சு குழறுது, வலிப்பு, உடம்பு கொதிக்குது — இது ஹீட் ஸ்ட்ரோக்கா இருக்கலாம். பாராசிட்டமால் இந்தச் சூட்டைக் குறைக்காது. அதைத் தேடி நேரத்தை வீணாக்காதீங்க. துணியைக் கழட்டி, நசோனே தண்ணியால உடம்பை நனைச்சு விசிறுங்க. மயக்கத்துல வாய்ல எதுவும் ஊத்தாதீங்க. கூடவே 112-க்கு ஃபோன். வத்திக்கான் பக்கத்துல ஜனிக்குலம் குன்றுல பம்பீனோ ஜேசு குழந்தைகள் ஆஸ்பத்திரி இருக்கு, மேப்ல சேவ் பண்ணி வைங்க.

10/ சாதா காய்ச்சல்னா பாராசிட்டமால் ஓகே. அங்க பிரபலமான பிராண்ட் டாக்கிபிரினா, சிரப் 5 மில்லியில் 120 மி.கி. நம்மூர்ல 250-ம் கிடைக்கும். அதனால "வழக்கமா 5 மில்லி"ன்னு ஊத்தாம, எடைக்கு எத்தனை மி.கி.ன்னு உங்க டாக்டர்கிட்ட எழுதி வாங்கிட்டுப் போங்க.

11/ லிஸ்ட்ல பத்து இடம் இருந்தா நாலு பாருங்க, போதும். ரோம் ரெண்டாயிரம் வருஷத்துக்கு மேல அங்கயேதான் இருக்கு, எங்கயும் ஓடிடாது. போகப்போற ஃப்ரெண்ட்ஸ் இருந்தா அனுப்பி விடுங்க. ஹாப்பி ஜர்னி!