தோல்விக்கு வட்டி

2021 செப்டம்பர் 25ஆம் தேதி, பெர்த் நகரில், மெல்பர்ன் கால்பந்து கிளப் வெஸ்டர்ன் புல்டாக்ஸை 140க்கு 66 என்ற கணக்கில் தோற்கடித்து ஆஸ்திரேலியக் கால்பந்தின் கோப்பையை எடுத்தது. அதற்கு முந்திய கோப்பை 1964இல். இடையில் 57 வருஷம். அந்த வெற்றியைப் பற்றி நான் படித்தவற்றில் ஒரு சொல் அடிக்கடி வந்துகொண்டிருந்தது: மறுகட்டுமானம். தோற்ற வருஷங்கள் எல்லாம் அஸ்திவாரம் தோண்டிய வருஷங்கள் ஆகிவிட்டன. எனக்கு இந்தச் சொல்லோடு ஒரு தகராறு உண்டு. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். விளையாட்டைப் பற்றி இந்தப் பக்கங்களில் எதற்கு என்று முகம் சுளிப்பவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளவேண்டும். நடந்து முடிந்ததை ஒரு கதையாகச் சொல்வதில் இருக்கும் சௌகரியம் பற்றித்தான் என் பேச்சு, அது நம் விஷயமும்கூட.

ஆட்டத்தைத் தெரியாதவர்களுக்கு: நீள்வட்டமான பெரிய மைதானம், பக்கத்துக்கு 18 பேர், முட்டை வடிவப் பந்து, காலால் உதைக்கலாம், கையால் பிடிக்கலாம், நடுக்கம்பங்களுக்கு ஊடே போனால் 6 புள்ளி. இது போதும். எனக்கு சுவாரஸ்யம் ஆட்டத்தைவிட அதன் சட்டதிட்டங்களில். இங்கிலாந்துக் கால்பந்தில் கடைசியில் வருபவன் கீழ்ப் பிரிவுக்குத் தள்ளப்படுகிறான். இங்கே அப்படி இல்லை. 1986இலிருந்து டிராஃப்ட் என்று ஒரு ஏற்பாடு. வருஷ முடிவில் நாட்டிலுள்ள பதினெட்டு வயதுப் பையன்களின் பெயர்களை வைத்துக்கொண்டு கிளப்புகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும். கடைசியில் வந்த கிளப்புக்கு முதல் உரிமை. பையனுக்குத் தன் கிளப்பைத் தேர்ந்தெடுக்கும் பாத்யதை கிடையாது. பெர்த்தில் பிறந்தவன் மெல்பர்னுக்குப் பெட்டி கட்டவேண்டும். வங்கியில் பிரமோஷன் வாங்கியவர்களுக்கு இதை நான் விளக்கவேண்டியதில்லை. விலை கொடுத்து இன்னொரு கிளப்பின் ஆளை வாங்கவும் முடியாது. டிரேட் என்கிறார்கள், நம் பழைய பண்டமாற்றுதான்: ஆளுக்கு ஆள், அல்லது ஆளுக்கு அடுத்த டிராஃப்டின் ஒரு எண். சம்பளத்துக்கும் உச்சவரம்பு. எளியவன் என்றைக்கும் எளியவனாகவே இருந்துவிடக் கூடாது என்ற நல்ல எண்ணத்தில் செய்தது.

நல்ல எண்ணத்தில் செய்த எந்த ஏற்பாட்டுக்கும் பின்வாசல் ஒன்று இருக்கும். நஷ்டத்தில் ஓடும் கிளைக்குப் புதிதாக வரும் மேனேஜரைப் பார்த்திருக்கிறேன். வந்த முதல் காலாண்டிலேயே கிடப்பில் இருந்த வாராக்கடன்கள் அத்தனையையும் வெளியே கொட்டிவிடுவார். நஷ்டம் பயங்கரமாகத் தெரியும்; அது போனவர் கணக்கு. அடுத்த வருஷம் எது நடந்தாலும் அது வளர்ச்சி. இதில் பொய்க்கணக்கு ஒரு பைசா கிடையாது. ஆழத்தை எவ்வளவு அதிகம் காட்டுகிறாரோ, ஏற்றம் அவ்வளவு உயரமாகத் தெரியும். அவ்வளவுதான்.

மெல்பர்ன் கிளப் 2008இல் 3 ஆட்டங்களும் 2009இல் 4 ஆட்டங்களும் ஜெயித்தது. இரண்டு வருஷமும் கடைசி இடம். அப்போதிருந்த விதிப்படி, தொடர்ந்து இரண்டு வருஷம் 4 வெற்றிக்கு மேல் போகாத கிளப்புக்கு, வழக்கமான தேர்வோடு முதல் சுற்றுக்கு முன்னாலேயே இன்னொரு தேர்வும் கிடைக்கும். ஐந்தாவது ஆட்டத்தை ஜெயித்திருந்தால் அது போயிருக்கும். 2009 ஆகஸ்டில் ரிச்மண்டுக்கு எதிரான ஆட்டத்தில் மெல்பர்ன் ஆட்டக்காரர்கள் பழக்கமில்லாத இடங்களில் நிறுத்தப்பட்டார்கள். அப்படியும் ஜெயிக்கும் நிலையில் இருந்தார்கள். கடைசி சைரனுக்குப் பிறகு ரிச்மண்ட் ஆள் ஒருவர் உதைத்த பந்து உள்ளே போய்த் தோற்றார்கள். அன்று மைதானத்தில் ஓடியவர்கள் தோற்கவேண்டும் என்று ஓடவில்லை என்பது இதில் எனக்கு முக்கியமாகப் படுகிறது. தோல்வி அவர்களுக்கு மேலே, வேறு ஏதோ ஒரு அறையில், லாபக் கணக்கில் எழுதப்பட்டுக்கொண்டிருந்தது.

எனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்கலாம். கல்லூரியில் என்னோடு ஆங்கிலம் படித்தவன் ஒருவன் அந்த 2009இல்தான் கணக்கியல் படிக்க மெல்பர்ன் போனான். இந்திய மாணவர்கள் அங்கே தாக்கப்பட்ட செய்திகள் நம் பத்திரிகைகளில் வந்துகொண்டிருந்த வருஷம். பெட்ரோல் பங்க்கில் ராத்திரி வேலை. நம்மிடம் புதிய ஆள் அகப்பட்டால் ‘எந்த ஊர்?’ என்று கேட்டு, அதற்கு அடுத்த கேள்வியை மனசில் வைத்துக்கொள்கிறோம் இல்லையா, அங்கே ‘எந்த டீம்?’ என்று கேட்பார்களாம். அந்த நகரத்துக் கிளப்புகளுக்குப் பெரும்பாலும் பேட்டைகளின் பெயர்: காலிங்வுட், ரிச்மண்ட், கார்ல்டன். இவன் ஊர் பெயர்தானே என்று மெல்பர்ன் என்று சொல்லி வைத்தான். கேட்டவர் துக்கம் விசாரிப்பதுபோல் இவன் கையைப் பிடித்துக் குலுக்கினாராம். அன்றிலிருந்து அவன் அந்தக் கட்சி. ஒரு ஊரில் ஒண்டிக்கொள்ள ஜெயிக்கிற டீமைவிடத் தோற்கிற டீம் சௌகரியம் என்று அவன் ஒரு தடவை சொன்னது சும்மா தமாஷ் என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டு பேருமாக பதினைந்து வருஷத்துக்கு மேல் இந்த ஒரு விஷயத்தைப் பேசியிருக்கிறோம், மற்றதெல்லாம் இதன் ஊடாகத்தான்.

2011 ஜூலை 30. ஜீலாங்கின் மைதானத்தில் மெல்பர்ன் 233க்கு 47 என்று தோற்றது. 186 புள்ளி வித்தியாசம். அந்த எண்ணுக்குப் பெயர் தேவையில்லை. அந்தக் கிளப்பைச் சேர்ந்தவர்களிடம் ‘186’ என்று சொன்னால் போதும். கோச் டீன் பெய்லி உடனே நீக்கப்பட்டார். போகும்போது நிருபர்களிடம், முதல் இரண்டு வருஷம் டிராஃப்டில் கிளப் நல்ல இடத்தில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளத் தான் தயங்கவில்லை, தன்னிடம் கேட்டுக்கொள்ளப்பட்டது அதுதான் என்ற அர்த்தத்தில் சொன்னார். நாவல்களில் இப்படி ஒரு வாக்கியம் அபூர்வமாகத்தான் கிடைக்கிறது. குற்றத்தை ஒப்புக்கொள்கிறாரா, விசுவாசத்தைச் சொல்கிறாரா? இரண்டும்தான். அவர் காலடியில் இருந்த பலகையை உருவியவர்களுக்காகத்தான் அவர் தோற்றார். பிறகு விசாரணை. 2013 பிப்ரவரியில் தீர்ப்பு: கிளப் வேண்டுமென்று தோற்றதாக நிரூபணமில்லை, ஆனால் 5 லட்சம் டாலர் அபராதம், பெய்லிக்கு 16 வாரத் தடை, நிர்வாகி கிறிஸ் கானலிக்கு ஒரு வருஷம். குற்றம் இல்லாத தண்டனை. ஸ்தாபனங்களின் உரைநடையில் இது ஒரு தனி வகை. எங்கள் சர்க்குலர்களில் பார்த்துப் பழகியிருக்கிறேன். பெய்லி 2014 மார்ச்சில் புற்றுநோயில் இறந்தார். வயது 47.

சரி, தோற்றதற்கு வட்டி வந்ததா? 2009 டிராஃப்டில் முதல் இரண்டு எண்களும் மெல்பர்னுக்கு: டாம் ஸ்கல்லி, ஜாக் ட்ரெங்கோவ். ஸ்கல்லி இரண்டே வருஷத்தில் புதிதாக ஆரம்பித்த கிரேட்டர் வெஸ்டர்ன் சிட்னிக்குப் போய்விட்டார். ட்ரெங்கோவை 20 வயதில் கேப்டன்களில் ஒருவராக்கினார்கள். லீக் சரித்திரத்திலேயே இளைய கேப்டன். பாத எலும்பு முறிவு அவருடைய வருஷங்களைத் தின்றுவிட்டது. அதற்கு முந்திய வருஷத்து முதல் எண் ஜாக் வாட்ஸ். பள்ளிக்கூடம் முடிக்காத பையனை, காலிங்வுட்டுக்கு எதிராக, ராணி பிறந்தநாள் கூட்டத்துக்கு முன்னால் இறக்கிவிட்டார்கள். ஒரு கிளப்பின் அத்தனை வருஷத்துக் கடனும் அந்தத் தோளில். அதே 2009 டிராஃப்டில் மூன்றாவது எண்ணில் ரிச்மண்ட் எடுத்த டஸ்டின் மார்ட்டின், இறுதி ஆட்டத்தின் சிறந்த வீரருக்கான பதக்கத்தை மூன்று தடவை வாங்கினார். 20ஆவது எண் நாட் ஃபைஃப், பிரௌன்லோ பதக்கம் இரண்டு தடவை. 34ஆவது எண்ணில், யாரும் பொறாமைப்படாத இடத்தில், மெல்பர்னே எடுத்த ஒரு நெட்டைப் பையன் இருந்தான். மேக்ஸ் கான். 2021இல் கோப்பையைத் தூக்கிய கேப்டன் அவர்தான். அந்த 34ஆம் எண்ணுக்காக யாரும் ஒரு ஆட்டத்தையும் தோற்கவேண்டியிருந்திருக்காது.

அதே வருஷம் ஆகஸ்டில், அதே ஜீலாங் மைதானத்தில், 44 புள்ளி பின்தங்கியிருந்து எழுந்து, சைரன் அடித்த பிறகு கான் உதைத்த பந்தில்தான் மெல்பர்ன் பட்டியலில் முதலிடத்துக்கு வந்தது. இந்த மாதிரிப் பொருத்தங்கள் எனக்குச் சந்தேகத்தையே தருகின்றன. யாராவது எழுத்தாளன் இப்படி எழுதியிருந்தால் இந்தப் பத்திரிகையிலேயே அவனைக் கிழித்திருப்போம்.

என் கட்சிக்கு எதிரான சாட்சியத்தையும் சொல்லவேண்டும். 2013இல் 2 வெற்றி. அதன் பிறகு வந்த பால் ரூஸ் எண்களைக் கும்பிடவில்லை. கையிலிருந்த 2ஆம் எண்ணைக் கொடுத்து, உடனே ஆடத் தெரிந்த ஒருவரையும் 9ஆம் எண்ணையும் வாங்கினார். 9ஆம் எண்ணில் வந்த சேலம் கோப்பை ஜெயித்த டீமில் இருந்தார். (பெயரைப் பார்த்து நம் ஊர்க்காரரோ என்று நினைக்கவேண்டாம்.) ஆனால் 2014இல் 2ஆம் எண்ணில் பெட்ராக்கா வந்ததும், 2015இல் 4ஆம் எண்ணில் ஆலிவர் வந்ததும் கிளப் அப்போதும் கீழே கிடந்ததால்தான். இறுதி ஆட்டத்தில் பதக்கம் வாங்கியவர் பெட்ராக்கா. 2014இல் விட்டுப்போன ஒரு தடுப்பாட்டக்காரருக்கு ஈடாகக் கிடைத்த 3ஆம் எண் ஆங்கஸ் பிரேஷா. கோல் அடிப்பதில் நம்பிக்கை நட்சத்திரமாக இருந்த ஜெஸ்ஸி ஹோகனை 2018இல் கொடுத்து, அதற்குக் கிடைத்த 6ஆம் எண்ணை மறுபடி கொடுத்து, தடுப்புக்கு ஸ்டீவன் மேயைக் கொண்டுவந்தது கெட்டிக்காரத்தனமான வியாபாரம். ஆக, முறை வேலை செய்யவில்லை என்று நான் சொல்லமாட்டேன். வேலை செய்தது. எந்தத் தோல்வி எதை வாங்கியது என்று ரசீது போடமுடியாது, அதுதான் பிரச்னை. கோப்பை வந்த பிறகு எல்லாத் தோல்விகளையும் ஒரே லெட்ஜரில் வரவாக எழுதிவிடுகிறார்கள்.

நேதன் ஜோன்ஸை எந்தப் பத்தியில் எழுதுவார்கள்? 2005 டிராஃப்டில் வந்தவர். மேலே சொன்ன அத்தனை வருஷங்களிலும் ஆடினார். 2014 முதல் 2019 வரை கேப்டன். மற்றவர்கள் போனபோது போகவில்லை. 302 ஆட்டம். 2021இல் டீமில் இடம் உறுதியில்லாமல் போய், இறுதி ஆட்டத்துக்கு முன்னால், மனைவிக்கு இரட்டைக் குழந்தை பிறக்கவிருந்ததால் பெர்த்திலிருந்து கிளம்பி வீட்டுக்குப் போய்விட்டார். கோப்பை ஜெயித்தபோது அவர் அங்கே இல்லை. ஜிம் ஸ்டைன்ஸ் என்ற அயர்லாந்துக்காரர், முன்னாள் ஆட்டக்காரர், 2008இல் தலைவராகி, புற்றுநோயோடேயே கிளப்பின் கடனை அடைத்துவிட்டு 2012 மார்ச்சில் செத்துப்போனார். இவர்களை அஸ்திவாரக் கல் என்று சொல்வது மரியாதைபோலத் தோன்றும். எனக்கு அது கொஞ்சம் அசிங்கமாகப் படுகிறது. ஜோன்ஸ் 2012இல் ஒரு சனிக்கிழமை மழையில் ஓடியது 2021க்காக அல்ல. அந்தச் சனிக்கிழமைக்காக. அந்த ஓட்டம் நன்றாக இருந்ததா இல்லையா என்பதை அந்த ஆட்டத்தில் வைத்துத்தான் பார்க்கவேண்டும். பிறகு கோப்பை வராமலே போயிருந்தாலும் அதன் பெறுமானம் ஒரு குன்றிமணி குறைந்திருக்காது.

நம் வட்டத்திலும் இதே பேச்சு நடக்கிறது. 300 பிரதி அச்சடித்து, 100 பிரதி தபாலில் போய், நாலு இதழில் நின்றுபோன பத்திரிகைகளை, பின்னால் வந்தவர்களுக்கு உரம் என்று மேடையில் சொல்லிக் கைதட்டு வாங்குகிறார்கள். அந்தப் பத்திரிகைகளில் எழுதியவன் உரமாகும் உத்தேசத்தில் எழுதவில்லை. ஒரு கவிதையைச் சரியாகப் படிக்கவேண்டும் என்று எழுதினான். அவன் படித்தது சரியா தப்பா என்று இன்றைக்கும் பார்க்கலாம், பக்கம் இருக்கிறது. அதைப் பார்க்காமல் ‘முன்னோடி’ என்று மாலை போடுவது படிப்பதிலிருந்து தப்பிக்க ஒரு வழி. மறுகட்டுமானம் என்ற சொல் செய்வதும் அதைத்தான்: தோற்ற ஆட்டங்களைப் பார்க்கவேண்டிய அவசியத்தை இல்லாமல் ஆக்கிவிடுகிறது.

கோப்பைக்குப் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2022, 2023 இரண்டு வருஷமும் இறுதிச் சுற்றுக்குப் போய் ஒரு ஆட்டமும் ஜெயிக்காமல் திரும்பினார்கள். 2024 பிப்ரவரியில் பிரேஷா, தலையில் வாங்கிய அடிகள் மூளைக்குள் விட்ட தடயத்தை ஸ்கேனில் பார்த்த பிறகு, ஆட்டத்தை விட்டார். 2025 ஆகஸ்டில் கோப்பை வாங்கிக் கொடுத்த கோச் சைமன் குட்வினை நீக்கினார்கள். அக்டோபரில் பெட்ராக்கா கோல்ட் கோஸ்டுக்குப் போனார். ஆலிவர், ஸ்கல்லி போன அதே கிரேட்டர் வெஸ்டர்ன் சிட்னிக்கு.

அன்று ராத்திரி நண்பன் கூப்பிட்டான். ‘மறுபடியும் கட்டப்போறாங்களாம்டா,’ என்றான். அடுத்த டிராஃப்டில் கிளப்புக்குச் சேர்ந்திருக்கும் எண்களை வரிசையாகச் சொன்னான். நான் கான் இருக்கிறாரா என்று கேட்டேன். இருக்கிறார் என்றான். அடுத்த வருஷத்துக்குச் சந்தா கட்டியாகிவிட்டதாம், பெண்ணுக்கும் சேர்த்து.