ஈசலும் வேந்தரும்

மதுரை சிம்மக்கல்லில் வடக்கு வெளிவீதியைக் கடப்பவர்கள் பழைய கோட்டையின் விளிம்பைக் கடக்கிறார்கள். நாயக்கர் காலத்துக் கோட்டைச் சுவரும் அகழியும் இந்தப் பக்கமாகத்தான் போயின. 1840களில் கலெக்டர் பிளாக்பர்ன் சுவரை இடித்து, அகழியைத் தூர்த்து, ஊரைத் திறந்துவிட்ட பிறகே வெளிவீதிகள் பிறந்தன. அதற்கு எண்பது ஆண்டுகளுக்கு முன்பு, கான்சாகிபு என்று மக்கள் அழைத்த யூசுப்கான் இந்தச் சுவருக்குள் இருந்துகொண்டு ஆற்காட்டு நவாபின் படையையும் கிழக்கிந்தியக் கம்பெனியின் படையையும் எதிர்த்து நின்றார். 1764 ஜூனில் நடந்த நேரடித் தாக்குதல் பலிக்கவில்லை. எதிரிகள் தானியம் வரும் வழிகளை அடைத்தார்கள். பட்டினியும் உள்ளிருந்தோர் செய்த துரோகமும் மீதி வேலையை முடித்தன. அக்டோபர் 15ஆம் தேதி அவரைத் தூக்கிலிட்டார்கள். 'கான்சாகிபு சண்டை' என்ற கதைப்பாடல் இந்தப் போரைத் தெக்கத்திச் சீமையின் நாவில் வைத்திருந்தது.

சுவர் போய்விட்டாலும் தானியத்துக்கும் இனிப்புக்குமான சண்டை அந்த இடத்தை விட்டுப் போகவில்லை. யானைக்கல் பக்கம் வாழைத்தார் இறங்கும் கடைவாசல்களில் விடியற்காலையில் குனிந்து பார்ப்பவர்களுக்கு, நசுங்கிய ஒரு பழத்தைச் சுற்றி இரண்டு எறும்புக் கூட்டங்கள் மல்லுக்கட்டுவது தெரியும். மதுரைப் பிள்ளைகளுக்கு இதில் கட்சி உண்டு. கருப்பு என்றால் பிள்ளையார் எறும்பு, அதைக் கொல்லக்கூடாது. சிவப்பு என்றால் கடிக்கிற எறும்பு, அதை நசுக்கலாம். சண்டை தொடங்கும் முன்பே ஒரு கட்சி நல்ல கட்சி ஆகிவிடுகிறது.

உலக இலக்கியமும் பெரும்பாலும் இதைத்தான் செய்திருக்கிறது. ஹோமரின் இலியத்தில் அக்கிலீசின் வீரர்கள் போருக்குப் புறப்படும்போது, வழியோரக் கூட்டைச் சிறுவர்கள் சீண்டிவிட்ட குளவிகளைப்போல் கிளம்புகிறார்கள். அந்த மிர்மிடன் வீரர்களின் குலமே எறும்புகள் மனிதராக மாறி உண்டானது என்று இன்னொரு கதை சொல்கிறது. ரோமக் கவிஞர் வெர்ஜில், கி.மு. 29 வாக்கில் முடித்த 'ஜியார்ஜிக்ஸ்' நூலின் நான்காம் பகுதியில், இரண்டு தேனீ அரசர்களின் படைகள் வானத்தில் மோதுவதை வருணிக்கிறார். இவ்வளவு ஆவேசமும் ஒரு பிடி மண்ணைத் தூவினால் அடங்கிவிடும் என்கிறார். ரோமானியர் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்ட நீண்ட உள்நாட்டுப் போர் அப்போதுதான் ஓய்ந்திருந்தது. அந்த ஒரு பிடி மண் எந்த வாசகரின் நெஞ்சில் போய் விழுந்திருக்கும் என்று ஊகிப்பது கடினமில்லை.

இந்த வரிசையில் உச்சம் என்று சொல்லத்தக்கது அமெரிக்க எழுத்தாளர் தோரோவின் 'வால்டன்'. 1854ல் வெளிவந்த அந்த நூலில், விறகுக் குவியலருகே சிவப்பு எறும்புகளும் பெரிய கருப்பு எறும்புகளும் நடத்திய போரை அவர் பக்கம் பக்கமாக எழுதுகிறார். மூன்று எறும்புகள் கட்டிப் புரண்ட ஒரு மரச்சில்லை வீட்டுக்குள் எடுத்துப்போய், சன்னல் ஓரத்தில் கண்ணாடித் தம்ளரால் மூடி, உருப்பெருக்கி வைத்துப் பார்க்கிறார். நெப்போலியனின் போர்களோடும் அமெரிக்க விடுதலைப் போரின் முதல் மோதலோடும் அதை ஒப்பிடுகிறார். கால்களை இழந்த பின்பும் எதிரியின் தலையை விடாத எறும்பைப் பார்த்து அவர் மனம் கலங்கியது உண்மை. மெக்சிகோ மீதான போரையும் அடிமை முறையையும் நடத்தும் அரசுக்கு வரி கட்டமாட்டேன் என்று 1846ல் ஓர் இரவு சிறையில் இருந்தவர் அவர். போரை வெறுத்த மனிதர், எறும்புச் சண்டையை எழுத உட்கார்ந்ததும் வீரகாவியத்தின் சொற்களையே எடுத்துக்கொள்கிறார். போரைப் பற்றிப் பேச மேலை மரபில் அவர் கையருகே இருந்தவை அந்தச் சொற்கள்தான்.

ஆனால் அவர் பார்த்த அக்கிலீசுகள் அத்தனை பேரும் பெண்கள். எறும்புக் கூட்டத்தில் உழைப்பதும் போரிடுவதும் முட்டையிடாத வேலைக்காரப் பெண் எறும்புகள். ஆண் எறும்புகள் இனச்சேர்க்கைக்குப் பறந்துபோய்ச் சாவதோடு சரி. வெர்ஜிலின் தேனீ அரசர்களும் அப்படித்தான். கூட்டின் தலைமை பெண் என்பதை ஐரோப்பா தெளிவாக உணர 17ஆம் நூற்றாண்டு ஆயிற்று.

அழகர்கோயில், நத்தம் பக்கத்து மாந்தோப்புகளில் மரமேறிக் காய் பறிப்பவர்களுக்கு முசுறைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. இலைகளை இழுத்துச் சேர்த்து, தங்கள் புழுக்களின் பட்டிழையால் தைத்துக் கூடு கட்டும் செவ்வெறும்பு அது. ஒரு கூட்டம் பல மரங்களை ஆளும். எல்லையோர மரங்களில் காவல் கூடுகளும் இருக்கும். பெர்ட் ஹோல்டாப்லர், எட்வர்ட் வில்சன் என்ற இரு ஆய்வாளர்கள் எழுதியபடி, அந்தக் காவல் கூடுகளில் இருப்பவை பெரும்பாலும் வயதான வேலைக்காரிகள். இளையவை நடுக்கூட்டில் புழுக்களைப் பேணுகின்றன. எஞ்சிய ஆயுள் குறையக் குறைய எறும்பு எல்லையை நோக்கி நகர்கிறது. மனித அரசுகள் பதினெட்டு, இருபது வயதுப் பிள்ளைகளை முன்னால் அனுப்பிவிட்டு முதியவர்களை ஆலோசனை மண்டபத்தில் உட்கார வைக்கின்றன. எறும்புப் போரையும் மனிதப் போரையும் ஒன்று என்று எழுதியவர்கள் இந்த ஒரு வேறுபாட்டின் முன் சற்று நின்றிருக்க வேண்டும்.

கணக்கு மட்டும் இரண்டுக்கும் பொது. பிரிட்டிஷ் பொறியாளர் லான்செஸ்டர் 1916ல் விமானப் போர் பற்றிய நூலில் ஒரு விதி வகுத்தார். திறந்தவெளியில், பலர் சேர்ந்து ஒருவரைத் தாக்க முடிகிறபோது, படையின் வலிமை எண்ணிக்கையின் வர்க்கமாகப் பெருகும். ஆளுக்கு ஆள் மட்டுமே மோத முடிகிற சந்தில் அப்படிப் பெருகாது. நைஜல் ஃபிராங்க்ஸ், லூகஸ் பார்ட்ரிட்ஜ் இருவரும் 1993ல் இதை எறும்புகளுக்குப் பொருத்திப் பார்த்தார்கள். சிறிய கூட்டம் புற்றின் குறுகிய வாசலில் நின்று தாக்குப்பிடிப்பதும், சிறிய படை மதுரைக் கோட்டைச் சுவருக்குள் நின்று தாக்குப்பிடித்ததும் ஒரே கணக்குக்குள் வருகின்றன.

இனித் தமிழின் சங்கக் கவிஞர்களிடம் வரலாம். இங்கேதான் விஷயம் வேறு பாதையில் போகிறது. புறநானூற்றின் 51ஆம் பாடல், பாண்டியன் கூடகாரத்துத் துஞ்சிய மாறன் வழுதியை ஐயூர் முடவனார் பாடியது. வெள்ளத்தையும் தீயையும் பெருங்காற்றையும் போல் தடுக்க முடியாதவன் வழுதி. தமிழ்நிலம் மூவருக்கும் பொது என்ற பேச்சைப் பொறுக்கமாட்டான். கேட்ட திறையைக் கொடுத்துவிட்ட மன்னர்கள் நடுக்கமின்றி வாழ்கிறார்கள். மறுத்தவர்கள்? கறையான்கள் பாடுபட்டு எழுப்பிய செம்புற்றிலிருந்து கிளம்பி ஒரு பகல் மட்டும் வாழ்ந்து தடுமாறும் ஈசலைப் போன்றவர்கள். அவர்களை இழிவாகப் பேசவில்லை கவிஞர். இரங்கத்தக்கவர்கள் என்கிறார், அதையும் இருமுறை அடுக்கிச் சொல்கிறார்.

இந்த உவமையின் நுட்பம் இன்றைய உயிரியலோடு வைத்துப் படிக்கும்போது இன்னும் கூடுகிறது. கறையான் கூட்டத்தில் வேலையாட்களுக்கும் போர்வீரர்களுக்கும் சிறகு முளைப்பதில்லை. மழைக்குப் பின் சிறகோடு கிளம்பும் ஈசல்கள்தான் அடுத்த தலைமுறையின் ராசாக்களும் ராணிகளும். தாய்ப்புற்றை விட்டுப் பறந்து, சிறகை உதிர்த்து, சோடி சோடியாகப் புதுப்புற்று தொடங்குவதற்காகவே அவை வெளியே வருகின்றன. காகமும் மைனாவும் பல்லியும் தவளையும் விளக்குச் சூடும் தின்றதுபோக, மிகச் சிலவே மண்ணுக்குள் போய்ச் சேரும். தனி அரசு கனவோடு எழும்பி ஒரு நாளில் உதிரும் உயிரை, தனி அரசாக நிற்க முயன்று அழியும் மன்னனுக்கு உவமையாக்கியிருக்கிறார் முடவனார். கறையானின் அரச முறை அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை. கண் கூர்மையாக இருந்திருக்கிறது. புற்றை எழுப்பியவை வேறு, பறந்து மடிபவை வேறு என்பதையும் அதே மூச்சில் சொல்லிவிட்டார். ஹோமர் குளவியில் கண்டது சீற்றம். இவர் ஈசலில் கண்டது தோற்கப் போகிறவனின் ஆயுள்.

நற்றிணையின் 180ஆம் பாடல் இன்னும் நெருக்கமாக வருகிறது. வயல் நாரை ஒன்று பாகலில் கட்டியிருந்த முசுறுக் கூட்டில் உரசிவிடுகிறது. முசுறுக்கு அன்று 'முயிறு' என்று பெயர். கூடு கலைந்து சிவந்த எறும்புகளும் வெள்ளை முட்டைகளும் சிதறுகின்றன. தோரோவாக இருந்தால் ஒரு நகரம் வீழ்ந்ததை எழுதியிருப்பார். சங்கக் கவிஞருக்குச் செந்நெல்லும் வெள்ளரிசியும் கலந்து கிடப்பதாகத் தெரிகிறது. இத்தனைக்கும் அந்தப் பாட்டில் போர் இல்லாமல் இல்லை. பரத்தையிடம் போய்வந்த கணவனுக்கும் கோபம் தணியாத மனைவிக்கும் நடுவே மாட்டிக்கொண்ட தோழி பேசுகிறாள். இரு பெருவேந்தர் மோதிய களத்தில் அழிந்துபோன புன்னை மரத்தைப்போல, இந்த இருவர் பகையும் என்னோடுதான் தீரும் என்கிறாள். சண்டையிட்டவர்கள் இருவர், வெட்டுப்பட்டது மரம். நாரைக்கு எறும்போடு பகை ஏதுமில்லை, ஆனாலும் கலைந்தது எறும்பின் வீடு. நடுவில் நிற்பவரின் அழிவைச் சொல்ல ஒரே பாட்டில் பூச்சியும் போரும் வந்து நிற்கின்றன.

பாரியின் பறம்பு வீழ்ந்தபின் கபிலர் பாடிய 119ஆம் புறப்பாட்டிலும் ஈசல் உண்டு. அங்கே அது புளித்த மோரோடு சேர்ந்த உணவு, இழந்த நாட்டின் ருசி.

பூச்சியை மனிதனோடு ஒப்பிடும் பழக்கத்துக்கு ஒரு கொடிய பக்கமும் இருக்கிறது. 1994ல் ருவாண்டாவில் ஆர்.டி.எல்.எம். வானொலி துட்சி மக்களைக் கரப்பான்பூச்சிகள் என்று நாள்தோறும் ஒலிபரப்பியது. ஏறத்தாழ நூறு நாட்களில் லட்சக்கணக்கானோர் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அரை நூற்றாண்டுக்கு முன் நாஜிகள் யூதர்களைப் பேன் என்றார்கள். எறும்புக்கு வீரன் பட்டம் கொடுக்கும் கவிதையும், மனிதனுக்குப் பூச்சிப் பட்டம் கொடுக்கும் வானொலியும் ஒரே பாதையின் இரு திசைகள். ஐயூர் முடவனார் எதிரியை ஈசல் என்றபோதும் இரக்கத்தைக் கைவிடவில்லை என்பது அதனால்தான் பெரிதாகப் படுகிறது. அரசனைப் புகழ்ந்து பரிசில் பெறவேண்டிய இடத்தில் நின்றுகொண்டு அவர் அதைச் சொன்னார்.

நத்தம் அருகே கரந்தமலைக் காட்டை ஒட்டிய கிராமங்களில் 2022ல் வேறொரு எறும்பு பேச்சாயிற்று. மஞ்சள் பைத்திய எறும்பு என்று ஆய்வாளர்கள் சொல்லும் இனம் அது. கொட்டுவதில்லை, ஃபார்மிக் அமிலத்தைப் பீய்ச்சுகிறது. ஆடு மாடுகளின் கண்கள் பாதிக்கப்பட்டன, காட்டுப்பக்கம் மேய்ச்சலுக்குப் போகவே மக்கள் தயங்கினார்கள். ஆஸ்திரேலியாவின் கிறிஸ்துமஸ் தீவில் இதே இனம் கோடிக்கணக்கில் செந்நண்டுகளைக் கொன்றிருக்கிறது. மற்ற பல எறும்பினங்கள் பக்கத்துப் புற்றோடு சண்டையிட்டே பலத்தை இழக்கும். இந்த இனமோ பல ராணிகளோடு, புற்றுக்குப் புற்று பகையில்லாமல், ஒரே பெருங்கூட்டமாகப் பரவும். தங்களுக்குள் சமாதானமானவர்கள் அடுத்தவருக்கு நல்லவர்களாக இருப்பார்கள் என்பதற்கு இயற்கையில் உத்தரவாதம் இல்லை. போரை எழுதிய காவியங்கள் எதிலும் இந்த எறும்புக்கு உவமை கிடைக்காது. ஆடு வளர்ப்பவரின் பேச்சில்தான் அது சரியாக இருக்கிறது, ஏனென்றால் அவர் சொல்வது வீரத்தை அல்ல, நட்டத்தை.

எறும்புப் போரில் மனிதர்கள் தங்களைத் தேடவேண்டிய இடம் வேறொன்று உண்டு. ஆப்பிரிக்காவின் மாட்டபேலே எறும்புகள் கறையான் புற்றுகளின் மீது அணிவகுத்துப் போகும். கறையான் வீரர்கள் கடித்து அவற்றின் கால்களைத் துண்டித்துவிடும். எரிக் ஃபிராங்க் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 2017 முதல் வெளியிட்ட ஆய்வுகளின்படி, காயம்பட்டவை ஒரு மணத்தை வெளியிட்டு உதவி கேட்கின்றன. மற்றவை அவற்றைத் தூக்கிக்கொண்டு வீடு திரும்புகின்றன. புற்றுக்குள் காயத்தை நெடுநேரம் நக்கித் துடைக்கின்றன. சீழ்ப்பிடித்தால் தங்கள் உடற்சுரப்பியிலிருந்து மருந்தெடுத்துப் பூசுகின்றன. இந்தப் பராமரிப்பைத் தடுத்தபோது காயம்பட்டவற்றில் 80 விழுக்காடு ஒரே நாளில் இறந்தன. பராமரிப்புக் கிடைத்தபோது இறந்தவை 10 விழுக்காடு.

புறநானூற்றின் 281ஆம் பாடலில் அரிசில் கிழார் ஒரு வீட்டைக் காட்டுகிறார். போரில் புண்பட்ட கணவன் உள்ளே கிடக்கிறான். மனைவி தோழியை அழைக்கிறாள்: வீட்டில் இரவமர இலையையும் வேப்பிலையையும் செருகுவோம், வெண்கடுகைத் தூவுவோம், குழல் ஊதுவோம், மணி அடிப்போம், காஞ்சி பாடுவோம், வீடெங்கும் நறும்புகை எழுப்புவோம், அவன் புண்ணைக் காப்போம் என்கிறாள். எதிரி யார், யார் வென்றார்கள் என்ற பேச்சே அந்தப் பாட்டில் இல்லை.